ரிப்போர்ட் யார் போனுக்குப் போகிறது?

ஒரு வாசகரின் கேள்வி, 8 ஜனவரி 2026

எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் போன மாதம் கம்ப்யூட்டர் வைத்தார்கள். முன்பு டாக்டரே நோட்டில் எழுதுவார். இப்போது ரிசப்ஷனில் இருக்கும் பெண் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் கேட்டுத் தட்டுகிறார். லேப் ரிப்போர்ட் அவருடைய சொந்த வாட்ஸ்அப்புக்கு வந்து, அங்கிருந்துதான் நமக்கு வருகிறது. அம்மாவின் சுகர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எல்லாம் இப்படி ஊர் சுற்றுகிறது. நோட்டு இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. காகிதம்தான் பாதுகாப்பு என்பது என் கட்சி. டாக்டர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

8 ஜனவரி, இரவு 10.50

இருக்கிறேன். விருதுநகர் பக்கம் சின்ன ஊர், ஒற்றை டாக்டர் கிளினிக், 19 வருஷம் ஆகிறது. உங்கள் கட்சியில் சேர எனக்கும் ஆசைதான். ஆனால் நோட்டுக் காலத்தை உள்ளிருந்து பார்த்தவன் நான்.

எங்கள் கம்பவுண்டர் அண்ணன் ஒரு தீபாவளிக்கு முன்னால் அலமாரியைச் சுத்தம் செய்து, பழைய ஓ.பி. நோட்டுகளைக் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே என் கையெழுத்து. ஒரு பெரியவருக்கு மூல வியாதிக்கு எழுதியது. என் கையெழுத்தை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்பது ஒன்றுதான் அன்றைக்கு இருந்த பாதுகாப்பு.

அப்புறம் அந்தத் திரைச்சீலை. திரைக்கு இந்தப் பக்கம் நான் "வெள்ளைப்படுறது எத்தனை நாளா இருக்கும்மா?" என்று கேட்டால், அந்தப் பக்கம் பெஞ்சில் இருக்கும் பத்துப் பேரும் பதிலுக்குக் காத்திருப்பார்கள். சில சமயம் அவர்களே பதில் சொல்லியும் விடுவார்கள். இதற்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் கிடையாது.

9 ஜனவரி, காலை 6.30

ஒன்று விட்டுப்போனது. சட்டம் வந்தாச்சு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அபராதம் 250 கோடி ரூபாய் வரை. என் கிளினிக்கை, ஸ்டூல், வெயிட் மெஷின் உட்பட விற்றாலும் வட்டிக்குக்கூடக் காணாது. உங்கள் கிளினிக்கில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே சரியாகிவிடும்.

9 ஜனவரி, மதியம் 2.15

காலையில் டீ குடிக்காமல் எழுதியது. திருத்திக்கொள்கிறேன்.

சட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நம்மைப் போன்றவர்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் அமலுக்கு வரும். 250 கோடி என்பது தரவைப் பாதுகாக்கத் தவறினால் விதிக்கக்கூடிய உச்சவரம்பு. தெருமுனைக் கிளினிக்குக்கு அவ்வளவு போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதுவரை 2011-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த பழைய விதிகள் இருக்கின்றன. அவை மருத்துவப் பதிவுகளைத் தனியாக "உணர்திறன் மிக்க தகவல்" என்று வகைப்படுத்தின. புதுச் சட்டத்தில் அந்த வகையே இல்லை. மளிகைக் கடையில் கொடுத்த நம்பரும் உங்கள் அம்மாவின் கிரியாட்டினினும் அதற்கு ஒரே மாதிரித் தனிநபர் தரவுதான். எனக்கு இது உறுத்துகிறது.

உங்கள் கட்சிக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. காகிதத்தில் எழுதிக் காகிதமாகவே இருப்பது இந்தச் சட்டத்துக்குள் வராது. அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்த நொடியில் வந்துவிடும். ஆக, வேர்க்கடலைப் பொட்டலத்துக்கு இன்றைக்கும் அபராதம் கிடையாது. இது நல்ல செய்திதானா என்று நீங்களே சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு 11.20

"வாட்ஸ்அப்பில் அனுப்புவதே தப்பா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தப்பில்லை. கொரோனா ஊரடங்கு தொடங்கிய கையோடு 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்ளும் வழிகளில் ஒன்றாக வாட்ஸ்அப்பைப் பெயர் சொல்லியே ஏற்கின்றன. நடுவில் ஒருவரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் செய்தி போகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வழியில் பயமில்லை. போய்ச் சேரும் இரண்டு முனைகளில்தான் பயம். எங்கள் ரிசப்ஷன் பெண்ணின் போனைக் கேட்டு வாங்கி (திட்டுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு), பக்கத்தில் உட்கார்ந்து கேலரியைத் திறந்தேன். அவருடைய சித்தி மகள் கல்யாணப் போட்டோ நாலு. அடுத்து ஒருவரின் காலில் சுகர் புண், குளோசப்பில். அடுத்து மறுபடியும் கல்யாணம், பந்தியில் இலை போட்டது. அடுத்து யாரோ ஒருவரின் விந்தணுப் பரிசோதனை ரிப்போர்ட், பெயரோடு. வாட்ஸ்அப்பில் வரும் படமெல்லாம் தானாகக் கேலரியில் இறங்கும் அமைப்பு அப்படியே விட்டிருந்தது. கேலரியில் இருப்பதெல்லாம் அவருடைய கூகுள் கணக்குக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது அவர் தம்பி. கடவுச்சொல் தம்பிக்கும் தெரியும். சாயங்காலம் அந்தப் போனில்தான் அவர் பையன் கேம் விளையாடுகிறான்.

அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. கிளினிக்குக்கு என்று தனிப் போன் வாங்கித் தராதது நான். எட்டாயிரம் ரூபாய்ச் சமாச்சாரம். ஐந்து வருஷமாகத் தள்ளிப்போட்டேன்.

இப்போது கிளினிக் போன் ஒன்று இருக்கிறது, ராத்திரி டிராயரில் பூட்டி வைக்கிறோம். படம் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டோம். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்தபடியே கிடக்கும் பழக்கத்தை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை. நான் மூடுவேன். அரை மணி நேரத்தில் திறந்திருக்கும்.

12 ஜனவரி, மதியம் 1.40

மேலே எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் ஊர் நண்பர் ஒருவர் போன் செய்து, "அந்த குரூப் கதையை ஏன் எழுதலை?" என்கிறார். சரி, எழுதுகிறேன்.

ஒரு வருஷம் நவம்பர் 14, உலக நீரிழிவு நாளுக்கு இலவச முகாம் போட்டோம். வந்தவர்களுக்கு அடுத்த தேதியை ஞாபகப்படுத்த வேண்டும் என்றேன். மறுநாள் காலையில் "சுகர் பேஷண்ட்ஸ் 1" என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தயார். நூற்றுச் சொச்சம் பேர். எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிகிறது. முதல் நாள் குட் மார்னிங். இரண்டாம் நாள் ஆவாரம்பூக் கஷாயம். மூன்றாம் நாள் ஒருவர் வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பாவும் அந்த குரூப்பில் இருக்கிறாராம். "அவருக்குச் சுகர் இருக்கிறது எனக்குத் தெரிஞ்சு போச்சு, அது பரவாயில்லை டாக்டர். எனக்கு இருக்கிறது அவருக்குத் தெரிஞ்சு போச்சே!"

குரூப்பைக் கலைத்தோம். கல்யாணம் நடந்தது. பந்தியில் இரண்டு சம்பந்திகளும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே மாதிரி ஜாங்கிரியை ஒதுக்கினார்கள் என்று கேள்வி.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் வசதி அதே வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அது எனக்குத் தெரிந்தது இதற்கு அப்புறம்தான்.

12 ஜனவரி, இரவு 9.05

கல்யாணப் பேச்சு வந்ததால் ஒன்று. இது நான் படிக்கும் காலத்தில் வகுப்பில் வாதம் செய்த வழக்கு. ஒருவரின் எச்.ஐ.வி. விவரம் மருத்துவமனையிலிருந்து வெளியே போய்க் கல்யாணம் நின்றது. அவர் வழக்குப் போட்டார். 1998-இல் உச்ச நீதிமன்றம், ரகசியம் காப்பது டாக்டரின் கடமைதான், ஆனால் அது எல்லை இல்லாத கடமை அல்ல, மணக்கவிருந்த பெண்ணின் உயிரும் இருக்கிறது என்றது. அப்போது எங்களில் பாதிப் பேர் கைதட்டினோம். பிறகு 2017-இல் எச்.ஐ.விக்கு என்றே தனிச் சட்டம் வந்து, யாரிடம், எந்த நிலையில், யார் சொல்லலாம் என்பதையெல்லாம் இறுக்கிக் கட்டியது. வரவேண்டிய சட்டம். கைதட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

16 ஜனவரி, காலை 8.00

மாட்டுப் பொங்கல். ஓ.பி. இல்லை. கரும்பு கடித்துப் பல் ஆட்டம் கண்டவர் ஒருவர் மட்டும் வந்தார், பல் டாக்டரிடம் அனுப்பினேன். அவருடைய தகவலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

18 ஜனவரி, இரவு 11.45

"ரிப்போர்ட் வெளியே தெரிந்தால் என்ன போச்சு, சுகரும் பி.பி.யும் எல்லா வீட்டிலும் இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்காக.

எனக்குத் தெரிந்த ஒரு கிளினிக்கில் நடந்தது. தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகும் பெண், 20 வயசுக்கு மேல், கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மாதமாகத் தீட்டு வரவில்லை என்று வந்தாள். ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், சினைப்பை நீர்க்கட்டி இருக்கலாம். எந்த டாக்டராக இருந்தாலும் இவற்றோடு சேர்த்து ஒரு யூரின் கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவார். அது சந்தேகம் இல்லை, வழக்கம். லேப்பில் ரிப்போர்ட் முடிந்ததும், பதிவில் இருந்த நம்பருக்குப் பி.டி.எஃப். தானாகப் போனது. அந்த நம்பர் அவளுடைய அண்ணனுடையது.

ரிசல்ட் நெகட்டிவ். அது ஒரு பொருட்டாகவே இல்லை. டெஸ்டின் பெயரே போதுமாக இருந்தது. அவள் வேலைக்குப் போவது நின்றது. மூன்றாம் நாள் அண்ணனும் மாமாவும் கிளினிக்குக்கு வந்து, "எதுக்கு எழுதுனீங்க, என்ன சந்தேகம் வந்துச்சு?" என்று கேட்டார்கள்.

இதில் ஹேக்கர் யாரும் இல்லை. பி.டி.எஃப். சரியான நம்பருக்குத்தான் போனது. கம்ப்யூட்டரைக் கேட்டால் எல்லாம் முறைப்படி நடந்தது என்றுதான் சொல்லும்.

19 ஜனவரி, மதியம் 2.30

நேற்றைய விஷயத்தை வேறு பக்கமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

"தனியுரிமை" என்ற சொல்லை என் அறையில் ஒரு நோயாளி சொல்லி நான் கேட்டதில்லை. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அது அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் இங்கே நான் கேட்பது "வீட்ல தெரிய வேண்டாம் டாக்டர்" என்பதைத்தான். இல்லையென்றால் "எங்க அத்தைகிட்ட சொல்லிராதீங்க." அரசாங்கத்திடமிருந்தோ அமெரிக்கக் கம்பெனியிடமிருந்தோ மறைக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

நம் கையில் இருக்கும் கருவிகளோ ஆளுக்கு ஒரு போன் என்ற கணக்கில் செய்தவை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு போன். அதுவும் மருமகன் கையில், இல்லையென்றால் பிளஸ் டூ படிக்கும் பையன் கையில். நம் மருத்துவப் பதிவுகளை இணைக்க அரசாங்கம் தரும் 14 இலக்க ஆபா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார் வைத்து எடுக்கலாம், கட்டாயமில்லை. நம் பதிவுகளை டெல்லியில் ஒரே இடத்தில் குவித்து வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். இன்னொருவர் பார்க்க வேண்டுமானால் நோயாளி போனில் சம்மதம் சொல்ல வேண்டும். ஒழுங்காக யோசித்துச் செய்த அமைப்பு என்றே சொல்வேன். ஆனால் ஒரே போன் நம்பரில் குடும்பத்தில் பலருடைய எண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்காமல் எங்கள் ஊரில் முடியவும் முடியாது. அப்படியானால் மாமியாருக்கும் மருமகளுக்கும் சேர்த்து ஓ.டி.பி. போவது ஒரே சட்டைப் பைக்குத்தான். சம்மதம் சொல்வது யார் கட்டைவிரல்?

கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவுத் தளமான பிக்மியில் கர்ப்பிணியைப் பதிய வரும் கிராம சுகாதார செவிலியர் ஒருவர், பல வருஷ அனுபவசாலி, நம்பரை எழுதும் முன் "இது யார் போன்?" என்று கேட்பார். யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. நான் எம்.பி.பி.எஸ். படித்தவன். கேட்டதில்லை.

20 ஜனவரி, இரவு 10.10

"அப்படியானால் நம்பரே வாங்காதீர்கள்" என்கிறார் மேலே ஒருவர். செய்து பார்த்தாச்சு ஐயா.

எங்கள் மென்பொருளில் பத்து இலக்கம் தட்டாமல் அடுத்த கட்டத்துக்கு நகர முடியாது. நம்பர் கொடுக்க விரும்பாதவர்களுக்கு ஒன்பதைப் பத்து தடவை தட்டச் சொன்னேன். ஒரு மாதம் நிம்மதி. பிறகு ஒரு நாள் ஒரு பாட்டியின் பதிவைத் திறந்தால், அவருக்கு 61 வயது, இரண்டு பிரசவம், ஒரு ஹெர்னியா ஆபரேஷன், போன வாரம் போட்ட போலியோ சொட்டு, பென்சிலின் அலர்ஜி. ஒரே நம்பர் என்றால் ஒரே ஆள் என்று அந்த மென்பொருள் முடிவு செய்து, ஆறு பேரைப் பிசைந்து ஒரே ஆளாக்கி வைத்திருந்தது.

சிரித்தோம். பிறகுதான் பயம் வந்தது. அந்த அலர்ஜி யாருடையது? ஹெர்னியாக்காரருடையதா, சின்னக் குழந்தையுடையதா? மறைக்கப் போய், உயிருக்கு வேண்டிய ஒரு வரியைத் தொலைக்கப் பார்த்தோம். பழைய நோட்டை எடுத்து, ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பிரித்தோம். நோட்டு காப்பாற்றியது. கேள்வி கேட்ட வாசகருக்கு அரைப் புள்ளி கொடுக்கிறேன்.

21 ஜனவரி, மதியம் 1.55

அரைப் புள்ளியோடு எய்ம்ஸ் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களைத் தாக்கி முடக்கினார்கள். நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று, நாள் கணக்காகக் கையால் ஓ.பி. சீட்டு எழுதியது. பேனா இருந்தவரை மருத்துவம் நிற்கவில்லை.

அதனால் காகிதம் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. காகிதம் கைவசம் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. நான் ஒரு நண்பரிடம் "மூன்று வருஷம் எல்லா ரெக்கார்டும் வைத்திருக்க வேண்டும், சட்டம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு. 2002 மருத்துவ நடத்தை விதிகளில் அந்த மூன்று வருஷக் கணக்கு, படுக்கையில் சேர்த்துப் பார்க்கும் உள்நோயாளிகளுக்கு. ரெக்கார்டு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. 2023-இல் புது விதிகள் கொண்டுவந்து அதே மாதம் நிறுத்தி வைத்தார்கள், அதனால் பழையதுதான் ஓடுகிறது.

22 ஜனவரி, இரவு 11.30

மென்பொருள்காரர்களைப் பற்றிக் கேட்டவருக்கு. எங்களுடையது ஒரு சின்னக் கம்பெனி, பேர் வேண்டாம். கோளாறு என்றால் தூரத்திலிருந்தே நம் திரையைப் பிடித்துக்கொண்டு சரிசெய்வார்கள். மவுஸ் தானாக நகரும், நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம். அந்த நேரத்தில் எந்தப் பதிவு திறந்திருக்கிறது என்று நாங்கள் கவனித்ததே இல்லை.

ஏழு வருஷத்துக்கு முன் இதை வாங்கியபோது எனக்கு ஒரு டெமோ காட்டினார்கள். ஒரு பெண்மணி, 46 வயது, தைராய்டு, மாத்திரை அளவு, வரவேண்டிய தேதி, எல்லாம் அழகாக வரிசையில். "அட, எவ்வளவு தெளிவா இருக்கு" என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் நிஜமான ஒருவர், வேறு ஊர் டாக்டரின் நோயாளி என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. எப்படி உறைத்தது என்றால், வேறு ஊர் டாக்டர் ஒருவர் ஒரு கூட்டத்தில் என்னைப் பார்த்து, "உங்க கிளினிக்கை டெமோவில் பார்த்தேன் சார், நல்ல பிராக்டீஸ்" என்று கை கொடுத்தார்.

கம்பெனியைக் கேட்டேன். "நிஜப் பேர் இருந்தாத்தான் சார் டாக்டருக்கு நம்பிக்கை வருது" என்றார் அந்தத் தம்பி, கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். எழுதி வாங்கியிருக்கிறேன், இனிமேல் காட்டமாட்டோம் என்று. புதுச் சட்டத்தின்படி அவர்கள் தப்பு செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் நானே.

24 ஜனவரி, இரவு 12.40

18-ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம்.

"எனக்குத் தெரிந்த ஒரு கிளினிக்" என்று எழுதியிருந்தேன். அது என் கிளினிக்.

அந்தப் பரிசோதனையை எழுதியது நான். பதிவில் இருந்த நம்பர் நாலு வருஷம் முன்பு அவள் காய்ச்சலுக்கு வந்தபோது கூட வந்த அண்ணன் கொடுத்தது. ரிப்போர்ட்டைத் தானாக அனுப்பும் வசதியை அந்த மாதம்தான் லேப்போடு சேர்த்துப் போட்டிருந்தோம். போட்டதும் நான்தான், வாசலில் கூட்டம் குறையும் என்று. குறைந்தது.

மறைத்து எழுதியதற்குக் காரணம், 250 கோடி, 2027 மே என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதிவிட்டு, கடைசியில் நானே இப்படி என்று சொல்ல வாய் வரவில்லை. நேற்று டெமோ கதையை எழுதி முடித்தபோது, அடுத்தவன் தப்பு என்றால் மட்டும் எவ்வளவு விவரமாக எழுத வருகிறது என்று தோன்றியது. தூக்கம் வரவில்லை.

அண்ணனும் மாமாவும் வந்தபோது நான் சரியாகத்தான் பேசினேன், "இது எல்லாருக்கும் எழுதற டெஸ்ட்தான்" என்று. ஆனால் அதைச் சொன்னபோது இன்னொரு தப்பும் செய்தேன். நம்ப வைக்க வேண்டும் என்று, அவளுக்கு என்ன பிரச்சினை என்று முழுசாக விளக்கினேன். அவளைக் கேட்காமல், அவள் இல்லாமல். ஒரு ரகசியத்தைச் சமாளிக்க மிச்ச ரகசியத்தையும் கொடுத்தேன்.

24 ஜனவரி, காலை 7.15

"அவள் இப்போது எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டவர்களுக்கு: ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி வேலைக்குப் போனாள் என்று தெரியும். என் கிளினிக்குக்கு வரவில்லை. இதற்கு மேல் எழுதினால் அதுவும் அவளைக் கேட்காமல் சொல்வதுதான். ஊர், வருஷம், வயசு எல்லாவற்றையும் நான் ஏற்கெனவே மாற்றித்தான் எழுதினேன். தீப்பெட்டிக் கம்பெனியும் அதில் சேர்த்தி.

25 ஜனவரி, மாலை 5.20

ஞாயிறு. முதல் கேள்வியைத் திரும்பப் படித்தேன். கேள்வி கேட்ட வாசகரே, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவின் கிரியாட்டினின் ஊர் சுற்றுகிறது என்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அம்மா சொன்னாரா, இல்லை ரிப்போர்ட் உங்கள் போனுக்கு வந்ததா?

26 ஜனவரி, இரவு 9.40

"என் போனுக்குத்தான் வந்தது, நான் மகன் அல்லவா?" என்று பதில் எழுதியிருக்கிறார். கூடவே "அம்மாவுக்குச் சொன்னால் பயப்படுவார் என்று கிரியாட்டினினை இன்னும் சொல்லவில்லை" என்றும்.

நான் இதில் தீர்ப்பு சொல்லும் இடத்தில் இல்லை. என் அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டை நானும் பத்து நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன். ஆனால் அம்மாவிடம் இந்த வாரம் சொல்லிவிடுங்கள். கிரியாட்டினின் ஏறியிருந்தால் முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் அவராக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. அது அவருக்குத் தெரிந்தாக வேண்டும், ரிசப்ஷன் பெண்ணுக்குத் தெரிந்ததைவிட அதிகமாக.

2 பிப்ரவரி, மதியம் 2.05

காசநோய் பற்றிய கேள்வி. ஆமாம், சம்மதம் கேட்காமலே நாங்கள் சொல்லியாக வேண்டிய நோய்களும் உண்டு. காசநோய் என்று கண்டுபிடித்தால் தனியார் டாக்டரும் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-லேயே ஆணை. அதற்கான அரசுத் தளமான நிக்ஷயில் பதிகிறோம். அந்தப் பதிவை வைத்துத்தான் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் போகிறது. முன்பு 500.

நான் சொல்லிவிட்டுத்தான் பதிகிறேன். "கவர்மெண்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது" என்று. மருந்து சாப்பிடுகிறாரா என்று பார்க்க வரும் சுகாதாரப் பணியாளர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் தெருவுக்கும் தெரிந்துவிடும் என்பது வேறு கதை. என் நோயாளி ஒருவர் அந்தப் பணியாளரைத் தேரடி டீக்கடையில் வந்து பார்க்கச் சொல்வார். இருவரும் டீ குடித்துக்கொண்டே மாத்திரைக் கணக்குப் பார்ப்பார்கள். ஆறு மாதம். குணமாகிவிட்டார்.

15 பிப்ரவரி, இரவு 10.30

"கடைசியில் என்னதான் மாற்றினீர்கள்?" என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் தானாகப் போவதை நிறுத்திவிட்டோம். பதிவில் குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரு வரி சேர்க்கிறோம்: நம்பர் யாருடையது, அதில் என்ன அனுப்பலாம். ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்கிறோம், நாலு வருஷப் பழைய பதிலை நம்புவதில்லை. பெண்களிடம் கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறோம். இதற்கு ஒரு முறைக்கு அரை நிமிஷம் ஆகிறது, வாசலில் கூட்டம் பழையபடி ஏறிவிட்டது. திரைச்சீலைக்குப் பதில் பிளைவுட் தடுப்பு. மேலே ஒரு அடி இடைவெளி இருக்கிறது, சத்தம் அது வழியாகப் போகிறது. ஆசாரி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி மூன்று வாரம் ஆச்சு.

நேற்று ஒரு அம்மா, 70 இருக்கும். கண்டாங்கிச் சேலை, கையில் மஞ்சள் பை. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு, ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்தோம். எங்களுக்கெல்லாம் பெருமை. கவரைப் பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, இதைப் போட்டோ புடிச்சு எம் மகனுக்கு அனுப்பு. துபாய்ல இருக்கான்."

"வேணாம்மா, நீங்களே வச்சுக்கோங்க. உங்க விஷயம், உங்ககிட்டயே இருக்கட்டும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவனுக்குத் தெரியணும்னுதான தம்பி இம்புட்டு ரத்தத்தைக் குடுத்தேன்? மூணு மாசமாச்சு அவன் போன் பேசி."

கிளினிக் போனை டிராயரிலிருந்து எடுத்து, அவர் சொன்ன நம்பரைத் தட்டி, யாருடையது என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு, அனுப்பினேன். நீல டிக் வரும்வரை அவர் நகரவில்லை.